ஞாயிறு ஆராதனையில பாட்டு லீட் பண்றவங்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருநெல்வேலி பக்கம் ஒரு நடுத்தர சபையில 2010ல இருந்து நான் ஒர்ஷிப் லீட் பண்றேன். ஞாயித்துக்கிழமை ஒரு 180 பேர் வருவாங்க, மேல தகர ஷீட் போட்ட ஹால், ஒரு கீபோர்டு, ஒரு பேஸ் கிட்டார், ஒரு ரிதம் பேட், கூட பாட மூணு பேர், அவ்வளவுதான் எங்க டீம். பக்கத்து சபைகள்ல புதுசா லீட் பண்ண ஆரம்பிச்ச தம்பி தங்கச்சிங்க போன் போட்டு கேக்குற கேள்வி எல்லாம் திரும்பத் திரும்ப ஒண்ணாவே இருக்கு, அதான் மொத்தமா எழுதி வச்சிடலாம்னு உக்காந்தேன்.

ஒர்ஷிப் லீடரோட வேலைதான் என்ன? நல்லா பாடுறதா?

சபையைப் பாட வைக்கிறது. நம்ம குரல் நல்லா இருந்தா சந்தோஷம், ஆனா நாம பாடி ஜனங்க கேட்டுட்டுப் போனா அது கச்சேரி, ஆராதனை இல்ல. எபேசியர் 5:19ல பவுல் சங்கீதம், கீர்த்தனை, ஞானப்பாட்டுன்னு மூணையும் சொல்லும்போது ஒருத்தருக்கொருத்தர் புத்தி சொல்லிக்கிறதுக்குன்னுதான் சொல்றாரு, அப்படின்னா அங்க எல்லாரும் பாடுறாங்கன்னு அர்த்தம். அதனால நான் ஒவ்வொரு வாரமும் ஒரு பாட்டுலயாவது மைக்கை வாய்லேர்ந்து எடுத்துட்டு ஹாலை மட்டும் கேப்பேன். சத்தம் கேட்டுச்சுன்னா சரியா போயிட்டு இருக்கு. கேக்கலைன்னா ஸ்கேலோ (பாட்டோட சுருதி உயரம்) வேகமோ வால்யூமோ ஏதோ ஒண்ணு நம்ம பக்கம் தப்பா இருக்கு, ஜனங்களுக்கு ஆவி அனல் குறைஞ்சிடுச்சுன்னு உடனே அவங்க மேல தள்ளாதீங்க.

எந்த ஸ்கேல்ல பாடணும்? ஒரிஜினல் ஸ்கேல்லயே பாடலாமா?

பெரும்பாலும் வேண்டாம். இந்தக் கேள்விக்குத்தான் நான் ரொம்ப நேரம் எடுத்துப்பேன், ஏன்னா நானே ஏழு வருஷம் தப்பா பண்ணியிருக்கேன்.

2017ல ஒரு ஞாயித்துக்கிழமை, ரெண்டாவது பாட்டு நடுவுல கரண்ட் போச்சு. டி மேஜர்ல போயிட்டு இருந்த பாட்டு, யூடியூப்ல எப்படி இருக்கோ அதே ஸ்கேல். மைக் போச்சு, கீபோர்டு போச்சு, ஃபேனும் நின்னு போச்சு, ஒரு ரெண்டு செகண்ட் அமைதி. அப்புறம் மூணாவது வரிசையில உக்காந்திருந்த ஒரு ஆச்சி அந்த பல்லவியை விட்ட இடத்துலேர்ந்து பிடிச்சாங்க, அவங்க பின்னாடி எல்லாரும் சேர்ந்துட்டாங்க, நான் மேடையில சும்மா நின்னு கேட்டுட்டு இருந்தேன், அப்படி ஒரு சத்தத்தை எங்க ஹால்ல அதுக்கு முன்னாடி நான் கேட்டதே இல்ல. ஒரு நிமிஷம் கழிச்சு ஜெனரேட்டர் போட்டாங்க, கீபோர்டு தம்பி உடனே கார்டைப் பிடிச்சான், பயங்கரமா இடிச்சுது. கீபோர்டு ஆஃப் ஆகி ஆன் ஆனதுல டிரான்ஸ்போஸ் (ஒரு ஸ்கேல்ல வாசிச்சா வேற ஸ்கேல்ல கேக்க வைக்கிற பட்டன்) ஜீரோவுக்குப் போயிருச்சு, அவன் சி-ல வாசிக்கிறான், சபை சி-லயும் இல்ல டி-லயும் இல்ல. பாதி பேர் நிறுத்திட்டாங்க. கையைக் காட்டி அவனை வாசிக்காதன்னு சொல்லிட்டு, ஜனங்க பாடுற சத்தத்துக்கு அவனைத் தேடச் சொன்னேன், பி மேஜர்ல வந்து நின்னுது. அதாவது நாங்க விட்ட ஸ்கேல்லேர்ந்து ஒன்றரைக் கட்டை கீழ, யாரும் சொல்லாமலே 180 பேரும் இறங்கிப் போயிருக்காங்க.

ஆராதனை முடிஞ்சு அந்த ஆச்சி கையைப் பிடிச்சுட்டு சொன்னாங்க, "இன்னைக்குத்தான் தம்பி எனக்கு எட்டுச்சு" அப்படின்னு. ஏழு வருஷமா அவங்க என் முன்னாடிதான் உக்காந்திருக்காங்க.

ரெக்கார்டிங்ல பாடுறவர் பயிற்சி எடுத்த குரல், மேல போனாத்தான் அந்த இடம் தூக்கும்னு ஸ்டுடியோவுல வேணும்னே ஏத்தி வைப்பாங்க, அது தப்பில்ல, ஆனா அது சபைக்கு வச்ச ஸ்கேல் இல்ல. நான் பண்றது இதுதான்: பாட்டோட பேரைப் பாக்காம அதுல வர்ற மேல் ஸ்வரம் எதுன்னு பாப்பேன், அது மேல் டி-யைத் தாண்டாத மாதிரி ஸ்கேலை இறக்குவேன், அப்பப்போ ஒரு இடத்துல ஈ தொட்டா பரவாயில்ல, ஆனா கோரஸ் முழுக்க அங்கேயே நிக்கக் கூடாது. காலை 7 மணி ஆராதனைன்னா இன்னும் அரைக் கட்டை குறைச்சிடுங்க, அந்த நேரத்துல யாருக்கும் தொண்டை திறந்திருக்காது. ரொம்ப இறக்கினாலும் சிக்கல், சரணம் ஏ-க்குக் கீழ போச்சுன்னா பெண்கள் குரல் காணாமப் போயிரும்.

சிஸ்டர் லீட் பண்ணா வேற ஸ்கேலா?

ஆமா, அதே பாட்டு ஒரு பிரதருக்கு டி-ல சரியா இருந்தா ஒரு சிஸ்டருக்கு ஏ இல்லன்னா ஜி-க்குப் போக வேண்டி வரும். ஆனா அப்பவும் சபை எங்க வசதியா பாடும்னு பாக்கணும், லீட் பண்றவங்க தொண்டையை மட்டும் பாத்து வைக்கக் கூடாது. ரெண்டு பேரும் டீம்ல இருந்தா அந்தந்தப் பாட்டு யாருக்கு ஒத்து வருதோ அவங்க எடுக்கட்டும், மெயின் லீடர்தான் எல்லாத்தையும் பாடணும்னு சட்டம் இல்ல.

எங்க கீபோர்டு பிரதர் எல்லாத்தையும் சி-ல வாசிச்சு டிரான்ஸ்போஸ் போட்டுக்கறாரு, அது தப்பா?

தப்புன்னு சொல்ல மாட்டேன், நம்ம ஊர்ல முக்காவாசி பேர் அப்படித்தான் கத்துக்கிட்டாங்க. ஆனா பேஸ் கிட்டார்காரர் கேக்கும்போது "சி" ன்னு சொல்லாம டிரான்ஸ்போஸ் சேர்த்து உண்மையான ஸ்கேலைச் சொல்லணும், பாட்டு மாறுறப்போ பட்டனை மாத்த மறந்துட்டா மொத்தமும் கெட்டுப் போகும், கரண்ட் போனா என்ன ஆகும்னு மேல சொன்னேன். டி, ஈ, எஃப், ஜி, ஏ இந்த அஞ்சு ஸ்கேலை நேரடியா வாசிக்கப் பழகிக்கச் சொல்லுங்க, தினமும் அரைமணி நேரம் உக்காந்தா மூணு நாலு மாசத்துல வந்துரும்.

எத்தனை பாட்டு? எந்த வரிசை?

எங்களுக்கு 25 நிமிஷம் கொடுக்கறாங்க, நாலு பாட்டுக்கு மேல நான் வைக்கிறதில்ல. முதல் பாட்டு எல்லாருக்கும் தெரிஞ்ச பாட்டா இருக்கணும், ஏன்னா பாதி பேர் அப்பத்தான் செருப்பைக் கழட்டிட்டு உள்ள வர்றாங்க, பிள்ளைங்களை சன்டே ஸ்கூல்ல விட்டுட்டு வர்றாங்க, அவங்க புக்கைத் தேடாம சேர்ந்துக்கணும். அப்புறம் ரெண்டு துதிப் பாட்டு, கடைசியா ஒண்ணு மெதுவா. எல்லாரும் செய்யிற வரிசைதான், இதுல நான் புதுசா எதுவும் கண்டுபிடிக்கல. ஒண்ணு மட்டும் கவனிங்க, ஒரு பாட்டுலேர்ந்து இன்னொண்ணுக்குப் போறப்போ ஸ்கேல் பக்கத்து ஸ்கேலா இருந்தா, டி-லேர்ந்து ஜி மாதிரி, கீபோர்டு நிக்காமலே போயிரலாம், அந்த நடுவுல வர்ற வெறுமையிலதான் ஜனங்க போனை எடுக்கறாங்க.

அன்னைக்குப் பிரசங்கம் என்னன்னு பாஸ்டர்கிட்ட வெள்ளிக்கிழமையே கேட்டு வச்சிடுங்க. சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சபைகள்ல இது இன்னும் சுலபம், ஆராதனை முறைமையும் அந்தந்த ஞாயிறுக்கு உரிய பாடமும் முன்னாடியே இருக்கு, லெந்து நாட்கள்ல (ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம்) என்ன பாடணும், திருவிருந்து ஞாயிறு என்ன பாடணும்னு அதுவே ஓரளவு சொல்லிடும்.

கீர்த்தனை, பாமாலை எல்லாம் விட்டுட்டு புதுப் பாட்டு மட்டும் பாடினா என்ன? வாலிபர்கள் அதைத்தான கேக்கறாங்க?

விடாதீங்க, தயவுசெய்து. பழசு எல்லாம் ஒரு காலத்துல புதுசா இருந்துச்சு. 1706ல சீகன்பால்கு தரங்கம்பாடிக்கு வந்தாரு, அந்த ஜெர்மன் மிஷனரிங்க காலத்துலேயே ஜெர்மன் ஞானப்பாட்டைத் தமிழாக்கி அதே ஜெர்மன் மெட்டுல பாட வச்சாங்க, பாமாலைப் புத்தகத்தோட வேர் அங்க இருக்கு. அப்புறம் திருநெல்வேலியில பிறந்து தஞ்சாவூர்ல வாழ்ந்த வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) வந்து நம்ம ராகம், நம்ம தாளம், குறவஞ்சி மாதிரி நம்ம வடிவம் எல்லாத்தையும் சபைக்குள்ள கொண்டு வந்தாரு, அன்னைக்கு அதுதான் காலத்துக்கேத்த பாட்டு. 1924ல கொழும்புல ஆரம்பிச்ச சிலோன் பெந்தெகொஸ்தே மிஷன் மாதிரி சபைகள் கைதட்டிப் பாடுற பழக்கத்தைப் பரப்பினாங்க, கேசட் காலத்துல ஃபாதர் பெர்க்மான்ஸோட பாட்டுகள் கத்தோலிக்கரு, சிஎஸ்ஐ, பெந்தெகொஸ்தேன்னு எந்தப் பிரிவும் பாக்காம எல்லா வீட்டுக்கும் போச்சு. இப்ப நாம பாடுற பேண்டு ஸ்டைல், அதோட வழி வேற, 1960கள் கடைசியில கலிஃபோர்னியாவுல ஹிப்பிப் பிள்ளைங்க கிட்டாரோட சபைக்குள்ள வந்ததுல ஆரம்பிச்சு, 1971ல மாரநாத்தா மியூசிக், அப்புறம் வின்யார்டு சபைகள், 1983ல சிட்னியில ஆரம்பிச்ச ஹில்சாங்னு வளர்ந்து இன்டர்நெட் வழியா நம்ம போனுக்கு வந்துச்சு.

இந்த நாலு வழியும் நம்ம சபை சொத்துதான். நான் மாசத்துல எல்லா ஞாயித்துக்கிழமையும் நாலு பாட்டுல ஒண்ணு கீர்த்தனையோ பாமாலையோ வைக்கிறேன். கீர்த்தனையில ஒரு பெரிய வசதி இருக்கு, பல்லவி முதல்லயே வந்துரும், தெரியாதவங்க கூட ஒரு நிமிஷத்துல பிடிச்சுக்குவாங்க, வெளிநாட்டு ஸ்டைல்ல ரெண்டு வெர்ஸ் தாண்டித்தான் கோரஸ் வரும், அது வரைக்கும் சபை வாயைப் பாத்துட்டு நிக்கும். கீர்த்தனைக்கு டிரம்ஸ் போட்டு வேகமாக்கி மாடர்ன் ஆக்கறேன்னு இறங்காதீங்க, அந்த ராகத்தோட பிடிகளை நேர் ஸ்வரமாக்கிட்டா அதுல ஒண்ணும் மிச்சம் இருக்காது. தபலாவோ, இல்ல ஒரு ட்ரோன் சத்தம் மட்டுமோ வச்சுட்டு, தெரிஞ்ச ஒரு பெரியவரை மைக்குக்குக் கூப்பிட்டு பாட வைங்க. எங்க சபையில ஒரு ரிட்டயர்டு வாத்தியார் அப்படித்தான் வந்தாரு, இப்ப அவருகிட்ட மூணு வாலிபப் பிள்ளைங்க சனிக்கிழமை கீர்த்தனை கத்துக்கிறாங்க.

இங்கிலீஷ் பாட்டைத் தமிழ்ல மாத்திப் பாடலாமா?

பாடலாம், ஆனா எழுதினவங்ககிட்ட அனுமதி ஒரு பக்கம் இருக்கு, மொழி இன்னொரு பக்கம் இருக்கு. தமிழ்ல குறில் நெடில்னு ஒண்ணு இருக்கறதை மெட்டு மதிக்கணும். "வரம்" ங்கிற சொல்லோட முதல் எழுத்து நீள ஸ்வரத்துல விழுந்தா "வாரம்" ஆயிடும், "படு" இழுத்தா "பாடு", "கல்" இழுத்தா "கால்". ஒரு தடவை எங்க வாலிபர் கூட்டத்துல ஒரு மொழிபெயர்ப்புப் பாட்டு பாடினோம், "பலன்" ங்கிற வார்த்தை நாலு மாத்திரை நீண்டு "பாலன்" ஆகி, யாருக்கும் அர்த்தமே போய்ச் சேரல. பேப்பர்ல எழுதினதை நம்பாதீங்க, வீட்ல ஒருத்தரை உக்கார வச்சு மெட்டோட பாடிக் காட்டி, என்ன கேட்டுச்சுன்னு கேளுங்க. ல, ள, ழ உச்சரிப்பையும் டீம்ல கொஞ்சம் கண்டிப்பா பாருங்க, "வழி"யும் "வலி"யும் ஒண்ணு இல்ல, ஆராதனையில அந்த ஒரு எழுத்து ரொம்பப் பெரிய வித்தியாசம்.

புதுப் பாட்டை எப்படி அறிமுகப்படுத்தறது?

மாசத்துக்கு ஒண்ணு போதும். முதல்ல சனிக்கிழமை ஜெபக் கூட்டத்துல பாடிப் பாருங்க, 20 பேர் பிடிச்சுக்கிட்டா ஞாயித்துக்கிழமை அந்த 20 பேர் ஹால் முழுக்க சிதறி உக்காந்திருப்பாங்க, அவங்களே சொல்லிக்கொடுத்த மாதிரி. ரெண்டு வாரம் தொடர்ந்து பாடுங்க, ஒரு வாரம் விடுங்க, மறுபடி பாடுங்க. அதுக்கப்புறமும் ஜனங்க பாடலைன்னா அந்தப் பாட்டை விட்டுடணும், நமக்கு எவ்வளவு பிடிச்சிருந்தாலும் சரி.

பாட்டுக்கு நடுவுல என்ன பேசணும்? எனக்கு பேச வரலை.

பேச வரலைன்னா நல்லது. ஒரு வசனம், ஒரு வரி ஜெபம் போதும், பிரசங்கம் பண்ண பாஸ்டர் இருக்காரு. "கையைத் தட்டுங்க, இன்னும் சத்தமா, ஏன் உங்க வாய் திறக்கலை, பக்கத்துல இருக்கறவங்களைப் பாத்து சொல்லுங்க" ன்னு திரும்பத் திரும்ப சொல்லாதீங்க, ராத்திரி ஷிஃப்ட் முடிச்சு தூங்காம வந்த ஒரு நர்ஸ் சிஸ்டருக்கு அது திட்டு வாங்குற மாதிரி இருக்கும். அடுத்த வரி என்னன்னு மட்டும் அரை செகண்ட் முன்னாடி சொல்லிக் கொடுங்க, நம்ம பழைய சபைகள்ல பெரியவங்க வரி சொல்லிக்கொடுத்து பாட வச்ச மாதிரியே.

மெதுவான மியூசிக் போட்டு அழ வைக்கிறோம்னு சிலர் சொல்றாங்களே?

அந்தக் கேள்வியை நாம தட்டிவிடக் கூடாது. இசைக்கு மனசை இளக்குற சக்தி உண்டு, கீபோர்டுல பேட் சத்தத்தை (பின்னணியில நீளமா இழுக்குற சத்தம்) விரிச்சு ஸ்கேலை அரைக் கட்டை ஏத்தினா உள்ள ஏதோ எழும்பும், அது தேவன் பேசறதா, கார்டு பேசறதான்னு அந்த நிமிஷத்துல பிரிச்சுப் பாக்குறது கஷ்டம். 1 கொரிந்தியர் 14:15ல ஆவியோடும் பாடுவேன், கருத்தோடும் பாடுவேன்னு ரெண்டையும் பவுல் சேர்த்துத்தான் வைக்கிறாரு. அதனால வரிகள்ல சத்தியம் இருக்கான்னு முதல்ல பாருங்க. மியூசிக் இல்லாம அந்தப் பாட்டை வெறுமனே வாசிச்சா ஒரு ஜெபமா நிக்குதான்னு பாருங்க. நின்னா பாடுங்க, அதுக்கப்புறம் யார் அழுதாலும் அது அவங்களுக்கும் ஆண்டவருக்கும் நடுவுல உள்ளது, அந்த நேரத்துல கேமராவை அவங்க முகத்துக்குக் கொண்டு போகாதீங்கன்னு வீடியோ எடுக்கறவங்ககிட்ட கண்டிப்பா சொல்லிடுங்க.

சபையில ஒரு துக்கம் நடந்திருந்தா அந்த வாரம் என்ன பாடுறது?

சில வருஷம் முன்னாடி எங்க சபையில ஒரு குடும்பம் வியாழக்கிழமை 19 வயசு மகனை அடக்கம் பண்ணிட்டு ஞாயித்துக்கிழமை ஆராதனைக்கு வந்துட்டாங்க. நான் எழுதி வச்சிருந்தது மூணு துள்ளல் பாட்டு. அந்த அம்மா உள்ள வர்றதைப் பாத்ததும் லிஸ்ட்டை மடிச்சு பாக்கெட்ல வச்சுட்டேன். கீபோர்டு மட்டும் வாசிக்கச் சொல்லி சங்கீதம் 13ஐ வாசிச்சேன், "எதுவரைக்கும்" னு தாவீது நாலு தடவை கேக்குற சங்கீதம் அது, அப்புறம் எல்லாருக்கும் மனப்பாடமா தெரிஞ்ச ஒரு பழைய பாமாலை, ரெண்டே கவி. அந்த அம்மா பாடல. ஆனா சுத்தி இருந்தவங்க அவங்களுக்காகப் பாடினாங்க, ஒரு சிஸ்டர் அவங்க முதுகுல கையை வச்சுட்டே பாடினாங்க. 150 சங்கீதத்துல ஏறக்குறைய மூணுல ஒரு பங்கு புலம்பல்தான், நம்ம பாட்டு லிஸ்ட்டை எடுத்துப் பாத்தா அதுல ஒண்ணு கூட இருக்காது. புலம்பல் பாட்டு ரெண்டு மூணு எப்பவும் டீமுக்குப் பழக்கமா இருக்கட்டும், தேவைப்படுற வாரத்துல போய்த் தேட முடியாது.

சவுண்டு எவ்வளவு வைக்கிறது? பெரியவங்க கத்தறாங்க, வாலிபர்களுக்குப் பத்தலையாம்.

போன்ல ஒரு டெசிபல் மீட்டர் ஆப் போட்டு ஹால் நடுவுல நின்னு பாருங்க, நாங்க 85லேர்ந்து 90க்குள்ள நிறுத்தறோம், அதுக்கு மேல போனா பக்கத்துல இருக்கறவங்க பாடுறது நம்ம காதுக்குக் கேக்காது, தன் குரலும் கேக்காது, ஜனங்க பாடறதை நிறுத்திடுவாங்க. ஷீட் போட்ட ஹால்ல வெறும் ஹாலா இருக்கும்போது செக் பண்ணா எல்லாம் கணகணன்னு எதிரொலிக்கும், ஆள் நிறைஞ்சா அவங்களே சத்தத்தை உறிஞ்சிடுவாங்க, அதனால முதல் பாட்டுல சவுண்டு தம்பி மிக்ஸரை விட்டு நகரக் கூடாது. ஸ்டேஜ் மானிட்டரை (மேடையில நமக்கே கேக்க வைக்கிற ஸ்பீக்கர்) குறைச்சாலே பாதி பிரச்சினை தீரும், ஒவ்வொருத்தரும் எனக்குக் கேக்கலைன்னு ஏத்திக்கிட்டே போறதுலதான் மைக் ஊளையிட ஆரம்பிக்குது. வெளியில ஹாரன் ஸ்பீக்கர் கட்ற சபைகளுக்கு ஒரு வார்த்தை, 2000ல வந்த ஒலி மாசு விதிகள்படி குடியிருப்புப் பகுதியில பகல்ல 55 டெசிபல், ராத்திரி 45, ராத்திரி 10லேர்ந்து காலை 6 வரைக்கும் வெளியில ஒலிபெருக்கியே கூடாது. பக்கத்து வீட்ல பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை இருக்கும், அதுவும் நம்ம சாட்சிதான்.

ஸ்கிரீன்ல பாட்டு வரிகள் போடுறதுல என்ன கவனிக்கணும்?

கடைசி வார்த்தை பாடும்போதே அடுத்த ஸ்லைடு வந்திருக்கணும், பாடி முடிச்சப்புறம் வந்தா பிரயோஜனம் இல்ல. பழைய ஃபைல் பாமினி ஃபான்ட்ல டைப் பண்ணியிருந்தா வேற கம்ப்யூட்டர்ல திறக்கும்போது வெறும் இங்கிலீஷ் எழுத்தா தெரியும், ஒரு விடுமுறை நாள் உக்காந்து எல்லாத்தையும் யூனிகோடுக்கு மாத்திடுங்க, எங்களுக்கு 400 பாட்டு மாத்த மூணு சனிக்கிழமை ஆச்சு. இங்கிலீஷ் மீடியம் பிள்ளைங்களுக்காக கீழ தங்கிலீஷ்லயும் போடுறோம், தமிழ் வாசிக்கத் தெரியாததால ஒரு பிள்ளை வாயை மூடிட்டு நிக்கறதை விட அது எவ்வளவோ மேல். ஆனா தமிழ் எழுத்து மேல, பெருசா இருக்கணும்.

மத்தவங்க எழுதின பாட்டைப் பாடினா காப்பிரைட் பிரச்சினை வருமா?

ஆராதனையில பாடுறதுக்கு வராது, 1957 காப்புரிமைச் சட்டத்துல 52வது பிரிவுல மதச் சடங்குல பாடறதுக்கு விலக்கு இருக்கு. லைவ் போட்டு யூடியூப்ல வச்சா அது வேற விஷயம், கிளெய்ம் வரும், சில நேரம் சத்தத்தையே நிறுத்திடுவாங்க. வீடியோவுக்குக் கீழ எழுதினவர் பேரைப் போடுங்க, முடிஞ்சா ஒரு மெசேஜ் அனுப்பிக் கேளுங்க, நம்ம தமிழ்ப் பாட்டு எழுதுறவங்க நிறைய பேர் சந்தோஷமா சரின்னு சொல்லிடறாங்க.

கீபோர்டு வாசிக்கறவருக்குக் காசு கொடுக்கலாமா? ஊழியம்தானே?

கொடுக்கணும்னு நினைக்கிறேன். அந்தத் தம்பி காலை 7 மணிக்கு ஒரு சபை, 10 மணிக்கு இன்னொரு சபைன்னு பைக்ல கீபோர்டைக் கட்டிட்டு ஓடறான், பெட்ரோல் அவன் காசு, கீபோர்டு அவன் இஎம்ஐ. ஊழியம்னு சொல்லி அவன் வயித்துல கை வைக்கக் கூடாது. அதே நேரம் வாசிச்சு முடிச்சதும் பிரசங்கத்துக்கு முன்னாடி வெளிய டீக்கடைக்குப் போயிடற பழக்கத்தை அன்பா பேசித் திருத்துங்க, அவனும் சபைக்கு வந்த ஒரு ஆத்துமாதான், யாரும் அவனை உக்காருன்னு சொன்னதில்ல அவ்வளவுதான்.

சனிக்கிழமை ராத்திரி நீங்க என்ன பண்ணுவீங்க?

எட்டு மணிக்குள்ள டீம் வாட்ஸ்அப் குரூப்ல பாட்டு, ஸ்கேல், வேகம், எத்தனை தடவை பல்லவின்னு அனுப்பிடுவேன், ஸ்லைடு போடுற தங்கச்சிக்கும் அதே மெசேஜ். ஐஸ் தண்ணி, தயிர் கிடையாது. பாட்டு வரிகளை ஒரு தடவை சத்தமா வாசிச்சு அதையே ஜெபமா பண்ணுவேன். அப்புறம் அந்த ஆச்சி உக்கார்ற இடத்தை மனசுல வச்சுக்கிட்டு நாலு பாட்டையும் கீழ் ஸ்தாயியில மெதுவா பாடிப் பாப்பேன், எங்கயாவது எட்டாதுன்னு தோணுச்சுன்னா குரூப்ல இன்னொரு மெசேஜ் போடுவேன், அரைக் கட்டை இறக்கிடுங்கன்னு.